இடது பக்கம் சாய்ந்த பாட்டுகள்

எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். கேட்கிறவர் மேல் அல்ல, அந்தக் கேள்வியின் மேல். சில வருடங்கள் அந்த ஒரு கேள்வியையே கட்டிக்கொண்டு அழுதவன் நான். பாட்டு கேட்க ஒன்று, மிக்சிங் செய்ய ஒன்று, சும்மா மாட்டிக்கொண்டு வீட்டில் திரிய ஒன்று, இல்லையென்றால் மூன்றுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று என்று ஊர்ப்பட்ட ஆராய்ச்சி செய்தேன். அதே நாட்களில் என் இடது காது கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. அது மட்டும் என் ஆராய்ச்சியில் வரவில்லை.

குளச்சலுக்குக் கிழக்கே கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. வீட்டு மாடியில் ஒரு அறை கட்டி, சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டி, ஒரு கம்ப்யூட்டரும் கீபோர்டும் மைக்கும் வைத்திருந்தேன். முட்டை அட்டை ஒட்டினால் அறை ஸ்டூடியோ ஆகிவிடும் என்று நம்பிய காலம் அது. எங்கள் கரையில் ஊருக்கு ஒரு கோவில், கோவிலுக்கு ஒரு புனிதர், புனிதருக்குப் பத்து நாள் திருவிழா. கொடியேற்றத்தன்று புதுப் பாட்டு சிடி வெளியிடாவிட்டால் பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான். அதனால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. பாடகர் குழுவை மாடிக்கு வரவழைத்துக் குரல்களைத் தனித்தனியாகப் பதிவு செய்வேன். பிறகு நானும் ஹெட்போனுமாக உட்கார்ந்து, எது எவ்வளவு கேட்க வேண்டும், எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்று அளவு பார்த்துச் சேர்ப்பேன். மிக்சிங் என்பது அதுதான். ஸ்பீக்கரில் அந்த வேலையைச் செய்ய முடியாது. அலைச் சத்தம், மீன் ஏலம், ஐஸ் லாரி என்று எல்லாம் ஜன்னல் வழியே வந்து பாட்டில் கலந்துவிடும்.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் கோவிலில் பெண்கள் இடப்பக்கமும் ஆண்கள் வலப்பக்கமும் உட்காருவார்கள். பாட்டிலும் நான் அவர்களை அப்படியே உட்கார வைப்பேன். பெண் குரல்கள் இடது காதில், ஆண் குரல்கள் வலது காதில், நடுவே பீடத்துக்கு நேராகத் தனிக்குரல். கண்ணை மூடிக் கேட்டால் கோவிலின் நடுவில் நிற்கிற மாதிரி இருக்கும். யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, யாரும் கவனிக்கவுமில்லை. ஆனால் எனக்கு அதில் அப்படியொரு பெருமை.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் பெண்கள் சத்தம் குறைந்தது. அதாவது ஹெட்போனின் இடது பக்கம் அடங்கிப் போனது. எனக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. கடற்கரையில் இருக்கிற எவனுக்கும் வராது. எங்கள் ஊரில் ஃபேன் நிற்பது, டிவியில் கோடு விழுவது, சைக்கிள் செயின் அறுவது, கேட் கீல் இற்றுப்போவது எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: உப்புக்காற்று. ஹெட்போன் வயர் நுனியில் உள்ள பின்னை உருவிப் பார்த்தேன். பச்சை பூத்திருந்தது. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

நாகர்கோவிலில் மணிமேடைப் பக்கம் ரேடியோ, டேப் ரெக்கார்டர் சரிசெய்கிற ஒருவர் இருந்தார். அவர் ஹெட்போனைக் கையில் வாங்குவதற்கு முன்பே என்னை மேலும் கீழும் பார்த்துக் கேட்டார்.

"கடக்கரையாக்கும்?"

"ஆமா."

"உப்பாக்கும். ஒங்க ஊரு சாமான் எல்லாம் இப்பிடித்தான் வருகு."

பின்னை மாற்றித் தந்தார். இடது பக்கம் அப்படியே இருந்தது. வயரை மாற்றினார். அப்படியே இருந்தது. ஒருநாள் எனக்கே ஒரு புத்தி தோன்றி, ஹெட்போனைத் திருப்பி, வலது கிண்ணத்தை இடது காதிலும் இடது கிண்ணத்தை வலது காதிலுமாக மாட்டிப் பார்த்தேன். அப்போதும் இடது காதுப் பக்கம்தான் சத்தம் குறைவாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே விளங்கியிருக்கும். நான் என்ன முடிவு செய்தேன் தெரியுமா? சரி, இப்போது இன்னொரு பக்கமும் போய்விட்டது, இரண்டையும் உப்பு தின்றுவிட்டது என்று. புது ஹெட்போன் வாங்கினேன். அது கொஞ்ச நாள் நன்றாக இருந்தது போலத் தோன்றியது. புதுச் சாமான் என்ற ஆசையில் அப்படித் தோன்றியிருக்கும். பிறகு அதுவும் அடங்கியது. அதன் வயர் நுனியும் பச்சை பூத்துத்தான் இருந்தது.

இடது பக்கம் குறைவாகக் கேட்டதால் இடது பக்கத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தேன். எனக்குச் சமமாகக் கேட்டது. கேட்கிறவர்களுக்குச் சமமாக இருந்திருக்காது. ஆனால் எங்கள் ஊரில் பாட்டை யார் இரண்டு காதால் கேட்டார்கள்? கோபுரத்தின் நாலு பக்கமும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். மைக்செட்காரர் இடதையும் வலதையும் ஒன்றாக முறுக்கி ஒரே வயரில் மேலே அனுப்பிவிடுவார். என் கோவில், பீடம், இடப்பக்கப் பெண்கள், வலப்பக்க ஆண்கள் எல்லோரும் அந்தக் குழாய்க்குள் ஒரே குவியலாக நுழைந்து கடலைப் பார்த்துக் கத்துவார்கள். ஒரு வருடம் திருவிழா முடிந்து கோவில் பாதிரியாரான பங்குச் சாமி கேட்டார்.

"இந்த வருசம் பொம்பளைய சத்தமாக்கும் கூடுதலாட்டு கேக்குகு?"

பக்கத்தில் நின்ற கோவில் கமிட்டிக்காரர் என்னைப் பேச விடவில்லை.

"ஆம்பளையெல்லாம் தொழிலுக்குப் போயிட்டாவல்லா சாமி. பாட்டுப் பழகவே வரல."

தொழில் என்றால் எங்கள் ஊரில் கடலுக்குப் போவது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நானும் தலையாட்டினேன். ஒரு குற்றத்தை உப்பு ஏற்றுக்கொண்டது, இன்னொன்றைக் கடல் ஏற்றுக்கொண்டது. என் காதை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் கத்தாரிலிருந்து என் மச்சினன் போன் செய்தான். மனைவியின் தம்பி, அங்கே ஏசி மெக்கானிக். லீவுக்கு வருகிறான்.

"அத்தான், ஒங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. ஒண்ணும் இல்லாம வந்தா அக்கா என்னைய வீட்டுல ஏத்த மாட்டா."

நான் வெட்கமே இல்லாமல் ஹெட்போன் என்றேன். நல்லதாக, பெரியதாக, காதை முழுக்க மூடுகிற மாதிரி.

"எதுன்னு பாத்து சொல்லுங்க. இங்க கடையில பெட்டியப் பிரிச்சிக் காட்ட மாட்டான். ஒரே தெரஞ்செடுப்புதான்."

அந்த ஒரே தெரிவு என்னைப் பாடாய்ப் படுத்தியது. நாகர்கோவிலுக்குப் போகிற போதெல்லாம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தெரிந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள ஹெட்போன் சண்டை எல்லாவற்றையும் படித்தேன். கிண்ணத்தின் வெளிப்புறம் வலை போலத் திறந்திருக்கிற வகைதான் மிக்சிங்குக்கு உத்தமம் என்றார்கள். சத்தம் விரிந்து கேட்குமாம். ஆனால் திறந்த வலை வழியே எங்கள் கடலும் சேர்ந்து உள்ளே வரும். மூடிய வகையில் கடல் வராது, ஆனால் மே மாதத்தில் காது வெந்துவிடும். பாட்டு கேட்பதற்கென்று செய்தவை தாளத்தைத் தூக்கிக் காட்டி ஆளை மயக்கும், அவற்றை நம்பி மிக்சிங் செய்தால் பாட்டு கெட்டது என்றார்கள். மிக்சிங்குக்கு உள்ளது இருக்கிறதை இருக்கிறபடி சொல்ல வேண்டுமாம். அப்படிப்பட்டதை மாட்டிக்கொண்டு சும்மா பாட்டு கேட்டால் சப்பென்று இருக்குமாம். சிலவற்றை முழங்க வைக்கச் செல்போனின் பலம் போதாதாம். எல்லோரும் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுக் கடைசியில் உங்கள் காதை நம்புங்கள் என்று முடித்திருந்தார்கள்.

நான் நம்பினேன். மூடிய வகை, இருக்கிறதைச் சொல்வது, பஞ்சு பெரியது, வயர் கழற்றி மாட்டக்கூடியது என்று முடிவு செய்தேன். வயர் கழற்றக்கூடியதாக இருந்தால் உப்பு தின்றாலும் வயரை மட்டும் மாற்றலாமே. பெயரைத் தாளில் எழுதுவதற்குள் மூன்று தடவை மனம் மாறியது. மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப இவ்வளவு யோசிச்சியளா? ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு சரின்னு சொல்லிட்டுப் போயிட்டிய."

"அதான் இப்ப யோசிக்கேன்" என்றேன். முதுகில் ஒரு அடி விழுந்தது.

மச்சினன் வந்தான். பெட்டியைக் கூடத்தில் வைத்து எல்லோருக்கும் முன்னால் பிரித்தான். கெட்டியான கறுப்பு உறை, உள்ளே ஈரம் வராமல் இருக்க ஒரு சின்னப் பொட்டலம், அழகாகச் சுருட்டிய வயர். நாலு கடை ஏறி இறங்கியதாகச் சொன்னான். வெயிலில் நடந்து, நான் சொன்ன அதே மாடல் எண் உள்ளதைத் தேடி வாங்கியிருக்கிறான். முதலில் அவனே மாட்டிக்கொண்டான். போன வருடத் திருவிழாப் பாட்டைப் போடச் சொன்னான். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டவன் கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகக் கழுத்தைச் சாய்த்தான்.

"அத்தான், ஒண்ணு சொன்னா வெசனப்படாதுங்க. இத நான் அங்க நாங்க தங்குற கேம்ப்லயும் பாத்தேன். ஒங்க பாட்டு எல்லாம் இப்பம் இடது பக்கமா சாயுகு. பொம்பளைய காதுல வந்து நின்னு பாடுகாவ, ஆம்பளைய எங்கயோ தூரத்துல நிக்காவ. மொத இப்பிடி இல்ல."

நான் பதில் சொல்வதற்குள் அவனே காரணமும் சொல்லிவிட்டான்.

"பழைய ஹெட்போனு சரியில்லாம இருந்திருக்கும். உப்புக்காத்துல்லா. இனி பாருங்க, இதுல அப்பிடி வராது."

மனைவி வாங்கி மாட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறது என்றாள். கடைசியில் என் தலையில் வைத்தார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் அடங்கித்தான் இருந்தது. பழையதில் எப்படியோ அப்படியே.

"கொள்ளாம்" என்றேன். மச்சினன் முகம் மலர்ந்தது.

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். பின்னை உருவிப் பார்த்தேன். தங்க நிறத்தில் பளபளவென்று இருந்தது. நேற்று வரைக்கும் மூடிய பெட்டியில் இருந்த சாமான். எந்த உப்பைச் சொல்ல? ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன். வலப்பக்கத்து ஆண்கள் இடது காதுக்கு வந்து தேய்ந்து போனார்கள். பெண்கள் வலது காதில் வந்து கணீரென்று நின்றார்கள். திரும்ப மாற்றினேன். திரும்பத் திரும்ப மாற்றினேன். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, இடது காதுப் பக்கம் விரலைச் சொடுக்கிப் பார்த்தேன். விரல் சொடுக்கியது தெரிந்தது, சத்தம் எங்கோ இருந்தது. கீழே மச்சினன் எல்லோருக்கும் அந்தக் கடையின் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். பயமென்றால் அப்படியொரு பயம்.

அவன் லீவு முடிந்து விமானம் ஏறிய பிறகுதான் மனைவியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டினாள். மறுநாளே நாகர்கோவிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

காது டாக்டரின் இடத்தில் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. உள்ளே போய்க் கதவை மூடியதும் அப்படியொரு அமைதி. இப்படி ஒரு அறைக்காக நான் எத்தனை முட்டை அட்டை ஒட்டியிருப்பேன் என்று அப்போதும் என் புத்தி போனது. பரிசோதனை செய்கிற பெண் என் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டினார். வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம். கையில் ஒரு பட்டனைத் தந்தார்.

"சத்தம் கேட்டா அமத்துங்க. ரெம்பச் சின்னதா கேட்டாலும் அமத்துங்க."

வலது காதில் ஒவ்வொன்றாக வந்தன. நான் தொழிலில் தினமும் புழங்குகிற சத்தங்கள்தான். இது தபேலாவின் அடிவயிறு, இது பெண் குரலின் நடு, இது ஜால்ராவின் நுனி என்று மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டே அழுத்தினேன். பிறகு இடது காதுக்கு மாற்றினார். உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் அவர் கை நகர்வது தெரிந்தது. வெகுநேரம் எனக்கு எதுவும் வரவில்லை. வராத சத்தத்துக்காகக் கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு காத்திருப்பது போல ஒரு கேவலமான காத்திருப்பு வேறு இல்லை. ஒரு கட்டத்தில் அவர் கை அசைவதைப் பார்த்து, கேட்காமலே அழுத்தினேன். அவர் எழுந்து என் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். நல்ல பெண்.

டாக்டர் தாளில் இருந்த கோடுகளைக் காட்டினார். வலது காதின் கோடு மேலேயே ஓடியது. இடது காதின் கோடு படி இறங்கிப் போய்க் கீழே கிடந்தது. நரம்பு என்றார். எதனால் என்று கேட்டேன். சொல்ல முடியாது, சிலருக்கு இப்படி ஆகும் என்றார். திருவிழா ஸ்பீக்கரா, ஜெனரேட்டரா, ஹெட்போனை அதிகச் சத்தத்தில் வைத்ததா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முன்னாலேயே வந்திருந்தால்? பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அதை ஆறுதலாகத்தான் சொன்னார். திட்டுவதற்கு ஒரு ஆள், ஒரு உப்பு கூட இல்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மெஷின் வைக்கலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"வைக்கலாம். பேச்சுக்கு ஓரளவு ஒதவும். பாட்டுக்குச் சரிவராது."

"அப்போ இவங்க வேல?"

"ஒரு காது நல்லாத்தானே இருக்கு. சாதாரண வேலைக்கெல்லாம் ஒரு காது தாராளமா போதும்."

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் என்னைத் தள்ளிவிட்டு, என் வலது பக்கமாக உட்கார்ந்தாள்.

அந்த வருடத் திருவிழாப் பாட்டை எப்படிச் செய்தேன் என்று கேட்டால், கண்ணால் செய்தேன். திரையில் இடதுக்கு ஒரு பட்டை, வலதுக்கு ஒரு பட்டை ஏறி இறங்கும். இரண்டும் ஒரே உயரத்தில் ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். புது ஹெட்போன் இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்கத்தான் ஆள் பாதியாக இருந்தேன். பெண்களை இடது பக்கம் வைக்கவில்லை, ஆண்களை வலது பக்கம் வைக்கவில்லை. எல்லோரையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். சந்தேகம் வரும்போது மனைவியைக் கூப்பிட்டு மாட்டிவிட்டு, எந்தப் பக்கம் கூடுதல் என்று கேட்பேன்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

"நல்லாத்தான் கேக்கேன். எனக்கு இவ்வளவுதான் தெரியும்."

ஒருநாள் அவளிடம் கத்திவிட்டேன். அவள் ஹெட்போனைக் கழற்றிப் பதமாக மேசையில் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் நான் கீழே போய் நின்றேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிராமல், "நான் வேணும்னா பாட்டுக் குழுவுல சேந்து படிச்சிட்டு வாறேன்" என்றாள். சிரிப்பும் அழுகையுமாக வந்தது எனக்கு. எனக்கு ஹெட்போனுக்குள் இருந்த அந்தக் கோவிலின் நடுவில் நிற்க வேண்டும் போல இருந்தது. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், நடுவில் நான். இனி அங்கே போக முடியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் மட்டும் அவள் என்ன செய்வாள்?

கொடியேற்றத்தன்று பாட்டைப் போட்டார்கள். நாலு குழாயும் முழங்கின. ஊரே நன்றாக இருக்கிறது என்றது. பங்குச் சாமி தோளைத் தட்டி, இதுவரை செய்ததில் இதுதான் ஒன்றாம் தரம் என்றார். கமிட்டிக்காரர் இந்த வருடம் ஆம்பளைகள் ஒழுங்காகப் பாட்டுப் பழக வந்தார்கள் என்றார். ஒருவருக்காவது ஏதோ குறைகிறதே என்று தோன்றும் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அவ்வளவு பெரிய இழப்பு, ஊருக்கு அதில் ஒரு பைசா நஷ்டமில்லை.

மறுவாரம் திருவிழா நடந்துகொண்டிருந்தபோதே மச்சினன் போன் செய்தான். பாட்டை அவனுக்கு அனுப்பியிருந்தேன். கோவில் சத்தத்துக்கு விலகி, வலது காதில் போனை அழுத்திக்கொண்டு முற்றத்தின் ஓரமாக நின்றேன். மனைவியும் கூடவே வந்து இடது பக்கம் நின்றாள்.

"அத்தான், இப்பம் சாயவே இல்ல. நடுவுல நிக்குகு. நான் சொன்னேன்ல, அந்த ஹெட்போனு வந்தா சரியாயிரும்னு."

"ஆமா" என்றேன்.

"நாலு கட ஏறுனது வீணாப் போகல கேட்டியளா?"

"வீணாகல. நல்ல ஹெட்போன்."

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த லீவுக்குச் சும்மா பாட்டு கேட்க இன்னொன்று கொண்டுவரவா, திறந்த வகை ஒன்று கடையில் பார்த்து வைத்திருக்கிறேன், சத்தம் நாலு பக்கமும் விரிந்து கேட்குமாம் என்று அடுக்கிக்கொண்டே போனான். அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். வாய் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது மனைவி என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு அசைவது தெரிந்தது. போனைக் காதிலிருந்து எடுத்தால் அவன் பேச்சு போய்விடும், எடுக்காவிட்டால் அவள் பேச்சு வராது. நான் போனை எடுக்காமல் அவளைப் பார்த்துத் தலையாட்டினேன். இடது பக்கம் நின்று யார் என்ன கேட்டாலும் இப்போதெல்லாம் நான் செய்வது அதுதான்.